செம்பு வேண்டாம்

ஒக்டோபர் 26, சனி

இன்று என் வீட்டுக்கு அறுபத்தொரு பேர் குடிவந்தார்கள். எல்லாரும் நத்தைகள்.

மகள் ஆரணியும் மருமகன் ஐவினும் காலையிலேயே இரண்டு பிளாஸ்டிக் தொட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். கபில நிறம், கூரான ஓடு, பெரியது என் பெருவிரல் நீளம். ஊரில், காரைநகரில், மழைக்கு மதில் ஏறும் நத்தையைத் தவிர வேறு நத்தையை நான் அறிந்தவளில்லை. இது குளத்து நத்தையாம். தொட்டியின் அடியில் நாலு விரல் உயரத்துக்குச் சேறு, அதன்மேல் தண்ணீர், ஒரு பிடி பாசி. சாமான் இவ்வளவுதான்.

இதற்கெல்லாம் காரணம் சம்பந்தி, ஐவினின் தகப்பன் ஹல்வார். ஸ்டாங்கே பக்கத்தில் இருந்த அவருடைய பண்ணைக் குளத்தைப் போன வருடம் தெரு அகலிக்கவென்று மூடிவிட்டார்கள். மூடுவதற்கு முதல் நாள் எண்பத்தொரு வயதில் முழங்கால் தண்ணீரில் இறங்கி எட்டு நத்தையைப் பிடித்து வாளியில் போட்டு மகனிடம் கொடுத்தாராம். மகன் அந்த எட்டை அறுபத்தொன்று ஆக்கியிருக்கிறார். தங்கள் வளவில் புதுக் குளமும் வெட்டிவிட்டார். ஆனால் அது இன்னும் ஆழம் போதாது, இந்தக் குளிர்காலத்தில் அடிவரை உறைந்துவிடும். வீட்டுக்குள் வைக்கலாமென்றால் நிலத்துக்கு அடியிலெல்லாம் சூடேற்றி பூட்டியிருக்கிறது, அந்தச் சூட்டில் நத்தை குளிர்கால உறக்கம் உறங்காது. என் நிலவறை ஐந்து பாகையில் நிற்கிறது. மே மாதம் அவற்றைப் புதுக் குளத்தில் விடும்போது சம்பந்தி பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்பதுதான் ஆசை. அவருக்கு இருதயம் சரியில்லை, இப்போது முதியோர் இல்லத்தில் இருக்கிறார்.

ஒன்பது வருடத்தில் மருமகன் என்னிடம் கேட்ட முதல் உதவி இது. அவர்களுடைய கலியாணத்துக்கு நான் போகவில்லை. அதை இங்கே விரித்து எழுதத் தேவையில்லை.

ஒக்டோபர் 27, ஞாயிறு

ஐவின் இரண்டு பக்கத்துக்கு விதிமுறை எழுதித் தந்திருக்கிறார். அவருடைய கையெழுத்து கோழி கிளறிய முற்றம். வரிக்கு வரி இடையில் ஆரணி பென்சிலால் தமிழில் எழுதியிருக்கிறாள். சனிக்கிழமை சனிக்கிழமையாகத் தமிழ்ப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனது வீண்போகவில்லை. குண்டு குண்டாக என்ன அழகான எழுத்து. நான் தமிழை மட்டும்தான் வாசித்தேன்.

நாளுக்கு ஒருமுறை வெப்பமானி பார்க்க வேண்டும். இரண்டு கிழமைக்கு ஒருமுறை அவித்த கோவா இலை ஒரு துண்டு. தண்ணீர் மாற்றும்போது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மாற்றக்கூடாது. தொட்டியைத் தூக்கக்கூடாது. சவர்க்காரம் வேண்டாம். உப்பு வேண்டாம். செம்பு வேண்டாம்.

சவர்க்காரமும் உப்பும் விளங்கியது. செம்பால் வார்த்தால் என்ன வந்துவிடும் என்று கொஞ்சம் யோசித்தேன். தண்ணீர் ஒரேயடியாக விழுந்தால் பயந்துவிடுமாக்கும். என் எவர்சில்வர் செம்பை மேலே கொண்டுபோய் அலுமாரிக்குள் வைத்துவிட்டு, பிளாஸ்டிக் கோப்பையால் கரையோரமாக மெல்ல மெல்ல ஊற்றினேன். மாமியார் சொல்வழி கேட்பவள் என்று ஒருவராவது சொல்லட்டும்.

நவம்பர் 10, ஞாயிறு

ஐவின் பார்க்க வந்தார். எல்லாம் சேற்றுக்குள் பாதி புதைந்து கிடந்தன. திருப்திப்பட்டார்.

எப்படிப் பெருக்கினீர்கள் என்று கேட்டது பிழையாகப் போயிற்று. முக்கால் மணி நேரம் பேசினார். கோடையில் தொட்டிச் சுவரில் முட்டையை வழுவழுப்பான ஒரு பட்டையாக ஒட்டிவிட்டுப் போகுமாம். அதைச் சவர அலகால் வழித்தெடுத்து வேறு தட்டில் வைத்து, இரண்டு மூன்று கிழமையில் குஞ்சு வந்ததும் அவித்த இலையை மசித்துக் கொடுத்து, முட்டைக்கோது தூளாக்கிப் போட்டு வளர்த்தாராம். ஓடு கெட்டியாவதற்கு முதல் பாதிக்கு மேல் செத்துப்போகும் என்றார். ஒவ்வொரு நத்தையும் ஆணும்தான் பெண்ணும்தான் என்றும் சொன்னார். அப்போ சாதகப் பொருத்தம் பார்க்கிற வில்லங்கம் இல்லை என்றேன். அவர் சிரிக்கவில்லை, நிலத்தைப் பார்த்தார். சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. ஒன்பது வருடத்துக்கு முன் நான் பிடித்துக்கொண்டு நின்றது அந்தச் சாதகத்தைத்தான்.

நவம்பர் 24, ஞாயிறு

ஆரணியோடு சம்பந்தியைப் பார்க்கப் போனேன். மீன் தொழிற்சாலையில் படித்த என் நோர்வேஜிய மொழி மீனுக்குத்தான் சரிவரும். ஆனாலும் அவர் நிதானமாகக் கேட்டார். நத்தைகள் உறங்குகின்றனவா என்றார். உறங்குகின்றன, நான் காவல் என்றேன். என் கையைப் பிடித்து இரண்டு தரம் அமத்தினார்.

டிசம்பர் 1, ஞாயிறு

ஐந்து பாகை. எல்லாரும் சுகம்.

டிசம்பர் 18, புதன்

தொட்டி உடைந்துவிட்டது. இப்படி எழுதினால் தானாக உடைந்ததுபோல் இருக்கிறது. அரிசி மூட்டையை எடுக்க வழி இல்லையென்று நான்தான் தொட்டியைத் தூக்கி நகர்த்தினேன். அடி மூலை வெடித்துத் தண்ணீர் என் காலெல்லாம் ஓடியது. தூக்க வேண்டாம் என்று எழுதியே தந்திருந்தார்கள்.

நத்தைகளைச் சட்டிக்குள் பொறுக்கிப் போட்டுவிட்டு ஏனம் தேடினேன். அப்போதுதான் மூலையில் கிடந்த கிடாரம் கண்ணில் பட்டது. இரண்டாயிரத்து மூன்றில் ஊருக்குப் போனபோது அதற்குள் உடுப்பை அடைத்து விமானத்தில் கொண்டுவந்தேன். அம்மா வீட்டுக் கிடாரம், ஐம்பது பேருக்குச் சோறு வேகும். உள்ளே பூசிய ஈயம் எப்போதோ தேய்ந்துவிட்டது, வெளியே களிம்பு. பழப்புளியும் உப்பும் போட்டு ஒரு மணி நேரம் தேய்த்தேன். ஒன்பது தண்ணீர் மாற்றிக் கழுவினேன், ஒரு மணி உப்பும் தங்கியிருக்காது. முகம் பார்க்கலாம் போல் மினுங்கியது.

சேற்றையும் தண்ணீரையும் அதற்கு மாற்றி நத்தைகளை விட்டேன். அவ்வளவு வடிவாக இருந்தது. மற்றத் தொட்டியில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் பாதிப்பேர் அரண்மனையில் பாதிப்பேர் பிளாஸ்டிக்கில் என்றால் அது பாரபட்சம். எல்லாரையும் கிடாரத்துக்கு மாற்றினேன். இதைப் பார்த்தால் மருமகன் என்ன சொல்வார் என்று நினைத்து எனக்கே ஒரு சந்தோஷம்.

டிசம்பர் 20, வெள்ளி

ஆரணியும் ஐவினும் நத்தார்ப் பண்டிகைக்குப் பேர்கனில் இருக்கும் அவருடைய தமையன் வீட்டுக்குப் போகிறார்கள். தொட்டி உடைந்ததைப் போனில் சொல்லவில்லை. போகிற நேரத்தில் எதற்கு.

நத்தைகளுக்குப் புது வீடு நன்றாகப் பிடித்துவிட்டது. ஒரு மாதமாகச் சேற்றில் அசையாமல் கிடந்தவை இன்று விளிம்பு வரை ஏறி நிற்கின்றன. தண்ணீரை விட்டு வெளியே வந்தால் காய்ந்துவிடும் என்று கடதாசியில் இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பிடித்து உள்ளே விட்டேன். திரும்பத் திரும்ப ஏறுகின்றன. திரும்பத் திரும்ப விட்டேன்.

டிசம்பர் 22, ஞாயிறு

இன்று ஏறவில்லை. உடம்பை ஓட்டுக்கு வெளியே தொங்கவிட்டுக்கொண்டு கிடக்கின்றன. நல்ல உறக்கம் போல.

டிசம்பர் 26, வியாழன்

உறக்கமில்லை. மணக்கிறது.

அறுபத்தொன்றையும் எண்ணினேன். ஒன்றாவது சுருண்டு உள்ளே போகுமா என்று ஊசியால் தொட்டும் பார்த்தேன்.

டிசம்பர் 28, சனி

அவர்கள் வருவதற்கு முன் எல்லாவற்றையும் உடையாத தொட்டிக்கு மாற்றிவிட்டேன். கிடாரத்தைக் கழுவிக் கவிழ்த்தேன். உடைந்த தொட்டியைக் குப்பை சேர்க்கும் இடத்துக்குக் கொண்டுபோய்ப் போட்டேன். தொட்டியைத் தூக்கி உடைத்ததற்கு ஏச்சு விழுமே என்றுதான் செய்தேன். வேறு எண்ணம் எதுவும் இருக்கவில்லை, அதைச் சத்தியமாகச் சொல்லலாம்.

ஐவின் நிலவறையில் குந்தியிருந்து ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தார். ஒரு தொட்டிதான் இருக்கிறதே என்றுகூடக் கேட்கவில்லை. கடைசியாகப் பாசியை எடுத்து மணந்தார். ஒக்டோபரில் கடையில் வாங்கிய பாசியாம். பூச்சிமருந்து அடித்துத்தான் விற்பார்கள், இரண்டு கிழமை தனியே ஊறவைத்துப் போட்டிருக்க வேண்டும், அவசரத்தில் நான் அப்படியே போட்டுவிட்டேன் என்றார். என்னைப் பார்த்து, “நான்தான் மாமி” என்று தமிழில் சொன்னார்.

எனக்குச் சாவின் காரணம் தெரியாது. தெரியாதவள் என்ன சொல்வது.

ஜனவரி 4, சனி

ஆரணி போனில் சொன்னாள். ஐவின் தகப்பனிடம் மறைக்கவில்லையாம். கிழவர் கேட்டுவிட்டு, சின்ன வயதிலும் நீ முயல் கூட்டைத் திறந்துவிட்டு மறந்தவன்தானே என்று மட்டும் சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாராம். ஐவினுக்கு அப்போது ஆறு வயதாம்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். சின்னச் சட்டியில் பொங்கினேன். கிடாரத்தைத் தொட மனம் வரவில்லை. பொங்கல் கொடுக்கப் போனபோது ஐவின் கொட்டிலில் முட்டைத் தட்டுகளை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கப் போகிறாராம். வெட்டிய குளத்தையும் மண் போட்டு மூடலாம் என்று பேச்சு.

ஜனவரி 19, ஞாயிறு

குளிர் பூச்சியத்துக்குக் கீழே பதினெட்டு பாகை. பழைய கடதாசிகளைக் கட்டி எறிந்தேன். வேறொன்றுமில்லை.

பெப்ரவரி 10, திங்கள்

சம்பந்திக்குக் கடுமை என்று ஆரணி அழைத்துப்போனாள். அவள் தாதியோடு பேச வெளியே போனாள், ஐவின் காரை நிறுத்தப் போனார். நானும் அவரும் மட்டும் பத்து நிமிடம். அவர் கண்ணைத் திறந்து, நீர் காவல் இருந்தீரே, அவை கஷ்டப்பட்டா செத்தன என்று கேட்டார்.

வெளியே நல்ல வெயில் என்று சொன்னேன்.

பெப்ரவரி 27, வியாழன்

சம்பந்தி காலையில் காலமானார். மகன் மேல் இருந்த மனக்குறையைத் தீர்க்காமலே போய்விட்டார் என்று ஆரணி அழுதாள். கடைசி மாதம் முழுக்க ஐவின் போய்ப் பக்கத்தில் இருந்தாலும் காலநிலையைத் தவிர வேறு பேச்சில்லையாம்.

மார்ச் 7, வெள்ளி

தேவாலயத்தில் ஐவின் தகப்பனைப் பற்றிப் பேசினார். பண்ணை, மாடுகள், அவருடைய பிடிவாதம், எல்லாம் சொல்லி மற்றவர்களைச் சிரிக்க வைத்தார். கடைசியில், அப்பா என்னை நம்பிக் கடைசியாக ஒரு பொறுப்புத் தந்தார், அதை நான் காப்பாற்றவில்லை என்று சொல்லிவிட்டுக் கடதாசியை மடித்தார். மூன்றாவது வரிசை வாங்கில் நான் கறுப்புச் சேலையோடு இருந்தேன். பக்கத்தில் இருந்த கிழவி எனக்குக் கண் துடைக்கக் கைலேஞ்சி தந்தாள். வாங்கிக்கொண்டேன், அந்த வெட்கங்கெட்ட வேலையையும் செய்தேன்.

மார்ச் 8, சனி

ஜனவரி 19 அன்று வேறொன்றுமில்லை என்று எழுதியிருக்கிறேன். அது பொய். இந்தக் கொப்பியை வாசிக்கிறவள் நான் ஒருத்திதான், எனக்கே பொய் எழுதியிருக்கிறேன்.

அன்று கடதாசி கட்டும்போது ஐவினின் விதிமுறைத் தாள் கையில் வந்தது. எறியமுன் ஆரணியின் எழுத்தை ஒருமுறை பார்ப்போம் என்று விரித்தேன். செம்பு வேண்டாம் என்ற பென்சில் எழுத்துக்கு மேல் மையால் இருந்த அவருடைய சொல்லை அன்றுதான் வாசித்தேன். கொப்பர். இந்த நாட்டில் முப்பத்தொரு வருடம் இருக்கிறவளுக்கு அந்தச் சொல் தெரியாதா. அது தண்ணீர் வார்க்கும் செம்பு இல்லை. உலோகம். அம்மாவின் கிடாரம். பக்கத்தில் இன்னொரு சொல் அடிக்கோடிட்டு இருந்தது, ஒருபோதும் என்று. ஆரணி அதைத் தமிழில் எழுதாமல் விட்டுவிட்டாள்.

நூலகத்துக்குப் போய்க் கேட்டும் பார்த்தேன். செம்பு பட்ட தண்ணீர் நத்தைக்கு நஞ்சாம். மினுக்கிய செம்பென்றால் இன்னும் கெதியாகக் கரையுமாம். களிம்போடு விட்டிருந்தாலாவது சிலது தப்பியிருக்குமோ என்னவோ. அவை விளிம்புக்கு ஏறியது என் அரண்மனையைப் பார்க்க இல்லை, தப்பி ஓட. ஒவ்வொன்றாகப் பிடித்து நான்தான் உள்ளே விட்டேன்.

பிறகு ஏன் சொல்லவில்லை. ஒன்பது வருடமாக அந்த வீட்டைப் பார்த்து, இவர்களுக்கு ஒரு ஒழுங்கு தெரியாது, பொறுப்பில்லாத ஆட்கள் என்று சொந்தக்காரருக்கெல்லாம் சொல்லித் திரிந்தவள் நான். பொறுப்பில்லாதவள் நானே என்று எந்த வாயால் சொல்வது. பெப்ரவரி பத்தாம் திகதி அந்தக் கிழவர் கேட்டபோது வாய் வரை வந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறேன் என்று தெரிந்துகொண்டே மறைத்தேன். வெட்கமாக இருக்கிறது. வெட்கத்தை விடப் பெரிய சொல் எனக்குத் தெரியவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

பகல் சாப்பாட்டுக்கு இருவரையும் வரச் சொன்னேன். சாப்பிட்ட பிறகு சொல்லலாம் என்றிருந்தேன். அவர்கள் சப்பாத்தைக் கழற்றும்போதே சொல்லிவிட்டேன். கிடாரத்தை மேசையில் வைத்து, தொட்டி உடைந்தது முதல் ஒழுங்காகச் சொன்னேன்.

ஆரணிக்கு முகம் வெளிறிவிட்டது. “நான் எழுதின தமிழாலயோ அம்மா?” என்று கேட்டாள்.

அந்த நேரத்தில் ஓம் என்று ஒரு தலையாட்டலில் பாதிப் பாரத்தை அவள் தலையில் இறக்கியிருக்கலாம். நான் நல்லவளில்லை, அந்த எண்ணமும் வந்தது. “உன்ர தமிழ் சரி பிள்ளை. செம்பெண்டால் செம்புதான். மேல இருந்த சொல்லை நான் வாசிக்கேல்லை” என்றேன்.

ஐவின் கிடாரத்தின் உள்பக்கத்தை விரலால் தடவினார். கோபித்துக் கத்துவார் என்று நான் ஆயத்தமாக இருந்தேன். அவர் நிமிர்ந்து தமிழில், “எப்ப தெரியும் மாமி?” என்று கேட்டார்.

நேற்று என்று சொல்லலாம். போன கிழமை என்று சொல்லலாம். அவருக்குத் தெரியவா போகிறது.

“ஜனவரி பத்தொன்பதாம் திகதி தம்பி.”

அவர் வாய்க்குள் எண்ணினார். எண்ணி முடிந்ததும் கதிரையில் இருந்தார். அப்பா சாகிறதுக்கு முப்பத்தொன்பது நாள் இருந்தது என்றார். பிறகு தன் மொழியில் மெதுவாகச் சொன்னது இது: “எனக்குச் சொல்லி என்ன. நான் எப்படியும் இருந்துகொள்ளுவன். அப்பாவுக்கல்லோ சொல்லியிருக்க வேணும்.”

சாப்பிடாமல் போய்விட்டார்கள். ஆரணி வாசலில் ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். கறியை நாலு பெட்டியில் போட்டுக் குளிரூட்டியில் வைத்தேன்.

மார்ச் 30, ஞாயிறு

ஆரணி போன் எடுத்தாள். சுகமா என்று கேட்டாள். ஐவின் சுகமா என்று கேட்டேன். வேலைக்குப் போகிறார் என்றாள்.

ஏப்ரல் 12, சனி

ஸ்டாங்கேக்கு பஸ்ஸில் போனேன். யாருக்கும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதை இரண்டு நாளாக எழுதி, இலக்கணம் சரிபார்த்து, பாடமாக்கியிருந்தேன். பஸ்ஸில் உதடு அசைவதைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர் செபம் செய்கிறேன் என்று நினைத்திருப்பார்.

தேவாலயத்துக்குப் பின்னால் நிழல் பக்கத்தில் இன்னும் பனி கிடந்தது. கல் இன்னும் வைக்கவில்லை. வெள்ளை மரச் சிலுவையில் ஹல்வார் என்ற பெயரும் இரண்டு வருடங்களும் இருந்தன. பூக்கள் அழுகிப்போய்க் கிடந்தன. அவற்றை அள்ளி ஒரு கரையில் போட்டேன். எங்கள் ஆட்கள் சுடலையில் எரித்துவிட்டு வந்து குளிப்பவர்கள். புதைத்த இடத்தில் நின்று எங்கே பார்த்துப் பேசுவதென்று எனக்குத் தெரியவில்லை. கடைசியில் மண்ணைப் பார்த்தேன்.

பாடமாக்கியது எல்லாம் மறந்துவிட்டது. மீன் தொழிற்சாலை மொழிதான் வந்தது. உங்கள் மகன் இல்லை, நான் என்றேன். நத்தைகளைக் கொன்றது நான். நீங்கள் கேட்டபோது எனக்குத் தெரியும். ஓம், அவை கஷ்டப்பட்டுத்தான் செத்தன. மகனைக் கோபிக்க வேண்டாம்.

சொல்ல ஒரு நிமிடமும் ஆகவில்லை. பெப்ரவரியில் எனக்குப் பத்து நிமிடம் இருந்தது.

தெருவுக்கு வந்து பஸ் அட்டவணையைப் பார்த்தேன். அடுத்த பஸ்ஸுக்கு ஐம்பது நிமிடம். திரும்பிப் போய் இன்னொருமுறை சொன்னேன்.